பங்குனி சித்திரையில் மட்டும் வருகிறவர்களுக்கு

டெல்டா தொகுதிகளில் வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும், சுயேச்சையாக நிற்பவர்களுக்கும் வணக்கம்.

நான் வெண்ணாற்றுப் பாசனத்தில் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், திருவாரூர் மாவட்டமும் நாகை மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் பக்கத்தில் விவசாயம் செய்கிறவன். கொஞ்சம் சொந்த நிலம், மீதி கோயில் குத்தகை. எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் வாக்களிக்கிறேன், இனியும் வாக்களிப்பேன். தேர்தல் எதற்கு என்று கேட்கவோ, அரசியல்வாதிகள் எல்லாரும் ஒன்றுதான் என்று புலம்பவோ இதை எழுதவில்லை. நீங்கள் எங்களிடம் வந்து போகிற விதம் எங்களை எவ்வளவு நோகடிக்கிறது என்று யாராவது நேராகச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் நீங்கள் வரும் காலத்தைப் பார்ப்போம். வாக்குப்பதிவு 2011இல் ஏப்ரல் 13, 2014இல் ஏப்ரல் 24, 2016இல் மே 16, 2019இல் ஏப்ரல் 18, 2021இல் ஏப்ரல் 6, 2024இல் ஏப்ரல் 19. நாளைக் குறிப்பது தேர்தல் ஆணையம், உங்கள் மேல் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் எங்கள் ஊர் எப்படி இருக்கும்? மேட்டூர் அணையை ஜனவரி 28ஆம் தேதியோடு மூடுவது வழக்கம். சம்பா, தாளடி நெல்லெல்லாம் அறுத்தாயிற்று. அறுப்புக்கு முன் தெளித்த உளுந்தும் பயறும்கூட வீட்டுக்கு வந்துவிட்டிருக்கும். ஆற்றில் மணல், வாய்க்காலில் கோரை, வயலில் வெடிப்பு. திறந்த ஜீப்பில் நின்று பார்த்தால் எங்கும் வெட்டவெளி. கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை என்று நாங்கள் சொன்னால் தலையாட்டுவீர்கள். அப்போது தலைமடையிலும்தான் தண்ணீர் இல்லை. எங்களுக்கு எது குறை என்று கண்ணால் பார்க்க வழியே இல்லாத மாதத்தில் வருகிறீர்கள், எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள்.

வந்தும் என்ன செய்கிறீர்கள்? போர்வெல் வைத்திருக்கும் யாரோ ஒருவர் முன்பட்டக் குறுவை நெல்லுக்கு நடவு விட்டிருப்பார். உங்கள் ஆட்கள் அந்த வயலைத் தேடிக் கண்டுபிடித்து உங்களை அதில் இறக்கிவிடுகிறார்கள். தோளில் புதிதாக வாங்கிய பச்சைத் துண்டு. நாற்று முடிச்சு ஒன்றைப் பிரித்து நாலு குத்து நடுகிறீர்கள். சுற்றிலும் கேமரா. நடவு நடும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு, படத்துக்காகச் சிரித்துக்கொண்டு சேற்றில் நிற்க வேண்டும். இப்போது பெரும்பாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசித்தான் நடவு நடக்கிறது. அவர்கள் நின்ற அரை மணி நேரத்தை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. அந்த வேலையை வெயில் ஏறிய பிறகு அவர்கள்தான் முடித்தாக வேண்டும். அந்தப் பெண்களிடம் ஒருவராவது, அம்மா உங்களுக்கு வருஷத்தில் எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்களா? கேட்டதை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஆரத்தி. தெருவுக்குத் தெரு தட்டு, தட்டில் விழும் நோட்டு. அதை வாங்குகிறவர்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். டெல்டாக்காரன் காசுக்கு ஓட்டை விற்கிறான் என்பார்கள். 2016இல் வாக்காளர்களுக்குப் பணமும் பொருளும் கொடுத்ததைக் காரணம் காட்டி அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலையே ரத்து செய்தார்கள். மற்ற தொகுதிகளெல்லாம் மே மாதம் வாக்களித்தன, தஞ்சாவூர்க்காரர்கள் நவம்பர் 19 வரை காத்திருந்தார்கள். சோழநாட்டின் தலைநகராக இருந்த ஊர் அப்படிப் பெயர் வாங்கியதில் எங்களுக்கு வந்த தலைகுனிவு கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பணம் வருவது எங்கள் பக்கம் வேலையே இல்லாத மாதத்தில். அறுப்பை இயந்திரம் கொண்டுபோய்விட்டது. சம்பா முடிந்ததிலிருந்து குறுவை நடவு வரை விவசாயத் தொழிலாளி வீட்டில் கூலி இல்லை. நூறு நாள் வேலையும் கிடைத்தால் உண்டு. பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும், நகைக்கு வட்டி கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து கவரை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு முடியும்? கொடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அதனால் வாங்குகிறவர் மேல் மட்டும் பழியைப் போடுவதை நான் ஏற்க மாட்டேன். வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் ஒருவர் கையில் பெட்டி இருக்கிறது, இன்னொருவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஓட்டுக்குப் பணம் வாங்கிவிட்டு இப்போது ரோடு கேட்கிறாயா என்று ஜெயித்த பிறகு சொல்லிக்காட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத் தலைகுனிந்து நின்ற கூலிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் எதையும் கேட்க வருவதில்லை.

சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். அவருடைய கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. வேன், பட்டாசு, பொன்னாடை, ஆளுயர மாலை, இரவு பத்து மணி வரை ஒலிபெருக்கி, கூட்டத்துக்கு ஆள் ஏற்ற லோடு ஆட்டோ. கூட்டம் கூடினால்தான் தலைவருக்கு மதிப்பு என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் பார்த்தோம். கூட்ட நெரிசலில் 41 உயிர்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். எங்கள் பெண்களை உச்சி வெயிலில் வரிசையாக உட்கார வைத்துவிட்டு மூன்று மணி நேரம் தாமதமாக வருவதை இனியாவது எல்லாக் கட்சிகளும் நிறுத்துங்கள்.

மேடையில் நீங்கள் பேசுவது காவிரி. அதைப் பேசத்தான் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது, 2007இல் இறுதித் தீர்ப்பு வந்தது, 2018இல் உச்ச நீதிமன்றம், கர்நாடக எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டிய அளவை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. அந்த இழப்பின் வலி எங்களுக்குத் தெரியும். 2023இல் ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்து, தண்ணீர் போதாமல் அக்டோபரிலேயே மூடியபோது கருகிய குறுவை எங்களுடையதுதான். 2024இல் ஜூலை 28 வரை அணை திறக்கவே இல்லை. ஆனால் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கர்நாடகத்திடமிருந்து தண்ணீர் வாங்கிவிட முடியாது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். வந்த தண்ணீரை வயலுக்குக் கொண்டுவர அவரால் முடியும். அதைப் பற்றித்தான் நீங்கள் யாரும் பேசுவதில்லை.

கல்லணையிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. அதிலிருந்து வெட்டாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்று பிரிந்து பிரிந்து எங்களுக்கு வருவதற்குள் தண்ணீரைத் திருப்பிவிடும் மதகுக் கதவுகள், நாங்கள் சொல்லும் சட்ரஸ், எத்தனை தாண்ட வேண்டும்! பலகை உளுத்துப்போனது, திருகு துருப்பிடித்து ஏறாதது, கதவே இல்லாமல் மணல் மூட்டை அடுக்கியது, எல்லாம் உண்டு. ஆகாயத்தாமரை ஒரு பக்கம் அடைத்துக்கொள்ளும். ஆறுகளையும் ஏ, பி என்று வகை பிரித்த பெரிய வாய்க்கால்களையும் நீர்வளத் துறை தூர்வாரும். சி, டி வாய்க்கால்கள் என்று ஒன்று இருக்கிறது, வயலுக்குப் பக்கத்தில் ஓடும் சின்ன வாய்க்கால்கள். அவைதான் கடைசியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து வயலில் விடுகிறவை. அவை எந்தத் துறையுடைய வேலை என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். ஊராட்சி என்பார்கள், வேளாண் பொறியியல் துறை என்பார்கள், நூறு நாள் வேலை என்பார்கள். முன்பெல்லாம் சட்ரஸைக் கவனிக்க லஸ்கர் ஒருவர் கரையிலேயே இருப்பார், முறை தப்பாமல் தண்ணீரைத் திருப்பிவிடுவார். இப்போது ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் வருவதில்லை, ஒருவரே பல இடங்களைப் பார்க்கிறார். சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. நிழற்குடையும் உயர்கோபுர விளக்கும் வேண்டியதுதான், ஆனால் அதில் எத்தனை ரூபாய் வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் போனது? உங்கள் துண்டறிக்கையில் அதை எழுதுங்கள்.

தூர்வாரும் வேலைக்கு இருக்கும் காலமே ஏப்ரல், மே மாதங்கள்தான். ஜூன் 12க்குள் முடிந்தாக வேண்டும். தேர்தல் ஆண்டுகளில் அந்த இரண்டு மாதமும் நடத்தை விதிக்குள் போய்விடுகிறது. ஏற்கனவே தொடங்கிய வேலை தொடரலாம், புதிதாக ஒன்றைத் தொடங்க ஆணையத்தின் அனுமதி வேண்டும். விதியைக் குறை சொல்லவில்லை. தேர்தல் வரப்போகிறது என்று ஐந்து வருஷத்துக்கு முன்பே தெரியுமே, பிப்ரவரியிலேயே டெண்டர் விட்டு வேலையைத் தொடங்கிவைக்க ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? தொடங்காவிட்டால் தண்ணீர் வந்த பிறகு பொக்லைன் இறங்கும், கரையில் போட்ட மண் அடுத்த மழையில் திரும்ப வாய்க்காலுக்கே வரும், பில் மட்டும் சரியாக முடியும்.

தேர்தல் அறிவிப்பு எங்கள் துயரத்தின் நடுவே வந்து நின்ற ஒரு காலத்தையும் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னை, மா, முந்திரி, ஓடு, கூரை எதுவும் மிஞ்சவில்லை. முகாம்களில் ஜனங்கள் இருந்தார்கள், நிவாரணக் கணக்கெடுப்பே முடியவில்லை. டிசம்பர் 31 அன்று திருவாரூர் தொகுதிக்கு ஜனவரி 28இல் இடைத்தேர்தல் என்று அறிவிப்பு வந்தது. கட்சிகள் வேட்பாளரை அறிவிக்கத் தொடங்கின. நிவாரணம் கொடுப்பது நின்றுபோகும் என்று பல பக்கமிருந்தும் முறையிட்ட பிறகு ஜனவரி 7இல் ரத்தானது. விட்டதே போதும் என்று மூச்சு வந்தது. ஆனால் அந்த ஒரு வாரத்தில், கூரையில்லாத வீட்டுக்காரர்களிடம் எந்தக் கட்சிக்கு ஆதரவு என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்களே, அதை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை.

நீங்கள் வராத மாதங்களில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஜூன் 12 அன்று மேட்டூரில் பூத்தூவித் திறப்பார்கள். கல்லணையிலும் பூத்தூவுவார்கள். படம் வரும். எங்களுக்குத் தண்ணீர் வர இன்னும் எத்தனையோ நாளாகும். அதுவரை புழுதியில் நேரடி விதைப்புப் போட்டவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆடியில் முறைப்பாசனம் வைத்தால் எங்கள் முறை வருவதற்குள் ஆற்றில் வேகம் குறைந்துவிடும், வாய்க்காலில் ஏறாது. இரவில் மேல்மடைக்காரர்களோடு சண்டை. ஒரே ஆற்றைக் குடிக்கும் ஜனங்கள் மண்வெட்டியோடு எதிரெதிரே நிற்பதை நீங்கள் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். அத்தனை ஆற்றுத் தண்ணீரும் அத்தனை மழையும் கடலுக்குப் போக எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். வடிகால் தூர்ந்து கிடந்தால், கடல் ஏற்றத்தில் இருந்தால், தண்ணீர் போகாது. நட்டு ஒரு மாதமான சம்பா பத்து நாள் முழுகிக் கிடந்து அழுகும். அப்போது சில தலைவர்கள் வருவதுண்டு, அழுகிய பயிரைக் கையில் பிடித்துப் பார்ப்பதுண்டு. வடிகாலைப் பார்க்க யாரும் கரையோடு நடந்து போவதில்லை.

தை, மாசியில் அரசின் நெல் கொள்முதல் நிலையம். இதைத்தான் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருஷம் பூராவும் பட்ட பாடு அந்த வாசலில்தான் தீர்கிறது, அல்லது அங்கேயே நாசமாகிறது. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். பனிக்காலத்தில், மழை விட்டு விட்டுப் பெய்யும்போது, இயந்திரத்தில் அறுத்த நெல்லில் 17 எப்படி வரும்? களம் இருக்காது, ரோட்டில் கொட்டிக் காயவைக்க வேண்டும். சாக்கு இல்லை என்பார்கள், லாரி வரவில்லை என்பார்கள், ஏற்கனவே பிடித்த மூட்டை போகாமல் புது நெல்லை எடுக்க முடியாது என்பார்கள். மழை வந்தால் தார்ப்பாய்க்கு ஓட வேண்டும். மாநில அரசு தளர்வு கேட்டு எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும், ஆணை வருவதற்குள் அடி நெல் முளைத்துவிடும். எங்கள் பக்கம் ஒரு நிலையத்தில் நாற்பது கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்தால்தான் தராசு இறங்கும். கொடுக்காதவன் நெல்லில் பதரும் தூசும் அதிகமாகிவிடும். இரவில் நெல் குவியலுக்குப் பக்கத்திலேயே கொசுக்கடியில் படுத்துக் காவல் காக்கும் விவசாயிகளில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். உங்கள் பூத் ஏஜென்ட்களும் அங்கேதான் படுத்திருக்கிறார்கள், அவர்களையே கேளுங்கள்.

2023 பிப்ரவரி தொடக்கத்தில் பெய்த மழையில் அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்தது. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் அந்தப் பணம் யார் கணக்குக்குப் போகும் என்று யோசித்தீர்களா? குத்தகை நிலத்தில் உழுது, உரம் போட்டு, கடன் வாங்கிப் பயிர் செய்தவன் பெயரில் பட்டா கிடையாது. கோயில் நிலத்தைப் பரம்பரையாக உழுதாலும், பதிவு பழைய ஆள் பெயரிலேயே கிடக்கும். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. இன்றும் கூட்டுறவுக் கடனுக்கும் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் பயிர்க் கணக்குச் சான்றான ஒரு அடங்கல் வாங்கக் குத்தகைக்காரர் படும் அலைச்சலை எந்தத் தேர்தல் அறிக்கையும் தீர்த்ததில்லை.

தேர்தல் அறிக்கைகளைப் பற்றி இரண்டு உதாரணம் மட்டும் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று 2021 தேர்தலில் வாக்குறுதி கொடுத்தார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2025 செப்டம்பரில், ஆட்சிக்காலம் முடியும் தறுவாயில். இடையில் போன ஒவ்வொரு போகத்திலும் உரத்தின் விலை ஏறியது, அறுவடை இயந்திர வாடகை ஏறியது. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கி 2020இல் சட்டம் வந்தபோது நாங்கள் மனதார மகிழ்ந்தோம். படித்துப் பார்த்தால், ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் எண்ணெய்க் கிணற்று வேலைகளை அது தொடாது என்று தெரிந்தது. மண்டலத்தை முதலில் அறிவித்தபோது சொன்ன திருச்சி, கரூர், அரியலூர் பகுதிகளும் அதில் இல்லை. இரண்டும் வெவ்வேறு ஆட்சிகள் செய்தவை. ஒரு பக்கத்தை மட்டும் குறை சொல்ல நான் எழுதவில்லை. கொடுக்கும் வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று அறிக்கையில் விளக்க வேண்டும் என்று, 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒட்டி, நடத்தை விதிகளிலேயே சேர்த்திருக்கிறார்கள். எத்தனை கட்சிகள் அந்தப் பக்கத்தை எழுதின? பணத்தோடு தேதியையும் எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. எந்தப் போகத்திலிருந்து என்று சொல்லாத வாக்குறுதி எங்களுக்குப் பயன்படாது.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது, 2019 டிசம்பர் வரை தேர்தல் நடத்தவில்லை. அப்படி வந்தவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் திரும்பவும் தனி அலுவலர்களிடம் போயின. வாய்க்கால் அடைத்துக்கொண்டால் நாங்கள் முதலில் போய் நிற்கும் வாசல் ஊராட்சித் தலைவருடையது. எங்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் தேர்தலை நடத்தாமல் விட்டுவிட்டு, ஜனநாயகக் கடமையை ஆற்ற வாருங்கள் என்று சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் மட்டும் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?

சரி, நான் கேட்பது என்ன? பிரசாரத்துக்கு வந்தால் வேனிலிருந்து இறங்குங்கள். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு ஒரு வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைசி மடை வரை நடங்கள், உங்களோடு நாங்களும் வருகிறோம். ஆரத்திக்குச் செலவு செய்யாதீர்கள். ஜெயித்தால் ஜூலை முதல் வாரத்தில் தண்ணீர் வந்ததா என்று பார்க்க வாருங்கள், நவம்பரில் வடிகால் கரைக்கு வாருங்கள், தையில் ஒரு இரவு கொள்முதல் நிலையத்தில் எங்களோடு இருங்கள். மாலையும் வேண்டாம், படமும் வேண்டாம். பாசன ஆய்வாளரையும் கொள்முதல் அலுவலரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் முன்னாலேயே கேளுங்கள். தோற்றாலும் வாருங்கள். தோற்றவர் கேட்கும் கேள்விக்குச் சட்டமன்றத்தில் இடமில்லாமல் இருக்கலாம், ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் எங்களோடு எழுந்து நின்று கேட்க யார் தடுக்கப் போகிறார்கள்?

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது என்று எழுத்தில் கொடுங்கள். முடியாததை முடியாது என்று எழுதினால் கோபப்பட மாட்டோம். உங்கள் ஒன்றியப் பொறுப்பாளர் வழியாகக் கொடுத்தனுப்பினால் போதும், எங்கள் ஊர் விவசாயிகளும் தொழிலாளிகளும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பார்ப்போம். வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு உங்களுக்கும் நேரமிருக்காது.

இப்படிக்கு,
வெண்ணாற்றுக் கடைமடை விவசாயி